ஆய் மட்டும் டயப்பரில்தான் போவேன் என்கிறான்

வீரவநல்லூர் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், முக்கியமானதை மட்டும் எடுத்துத் தருகிறேன்.

"என் மகனுக்கு வருகிற ஆடியில் மூன்று வயது முடிகிறது. ஒண்ணுக்கு வந்தால் தைப்பொங்கலில் இருந்தே சொல்லிவிடுகிறான், அங்கணத்தில் போய் நின்று போகிறான். ஆய் மட்டும் டயப்பர் கட்டினால்தான் போவான். அவனே டயப்பரை எடுத்து வந்து கட்டச் சொல்லி, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றுகொண்டு போகிறான். ஜூனில் ப்ரீகேஜி சேர்க்க வேண்டும், டயப்பரோடு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் போன மாதம் டயப்பரை ஒளித்து வைத்தேன். நாலு நாள் போகவே இல்லை. ஐந்தாம் நாள் அலறிக்கொண்டு போனான், கல் மாதிரி இருந்தது, மேலே கோடு போல ரத்தம். இப்போது டயப்பர் கட்டினாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான். மாமியார், 'எங்க பிள்ளையளெல்லாம் ஒரு வயசுலேயே பழகிட்டு, நீ செல்லம் குடுத்துக் கெடுக்குத' என்கிறார். மைனி தன் மகளை மூன்றே நாளில் பழக்கிவிட்டாராம். எங்கள் தெரு அம்மாக்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போன வாரம் பொறுமை போய் அவனைத் தொடையில் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து ஆய் வந்தால் என்னைக் கண்டாலே ஒளிகிறான். நான் எங்கே தப்பு செய்தேன் டாக்டர்?"

அம்மா, அந்த அடியை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் கடிதம் முழுக்க அதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. இன்று ராத்திரி அவனைப் படுக்க வைக்கும்போது, "அம்மா அன்னைக்கு அடிச்சது தப்பு, ஆய்க்காக இனி அடிக்கவே மாட்டேன்" என்று அவன் காதில் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு அது நன்றாகப் புரியும். சொன்னால் மட்டும் போதாது, அந்த வாக்கு நிற்க வேண்டும், வீட்டில் மற்றவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சில வீடுகளில் கரண்டியைக் காட்டி "சூடு வச்சிருவேன்" என்று மிரட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். மிரட்டலாகக் கூட அந்த வார்த்தை வரக்கூடாது. பயந்த பிள்ளைக்கு ஆசனவாய்த் தசை இறுகும், இறுகினால் போகவே முடியாது.

இனி உங்கள் மகனுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அவனிடம் பிடிவாதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒண்ணுக்கு வருவதைச் சொல்லத் தெரிகிறது, டயப்பரை எடுத்து வரத் தெரிகிறது, மறைவான இடம் தேடத் தெரிகிறது. பழக்கத்துக்கு வேண்டிய அறிவு அத்தனையும் அவனிடம் இருக்கிறது. ஆய் வருவது முன்கூட்டியே தெரிந்து, அதற்கென்று ஒரு இடத்துக்குப் போகிற பிள்ளை பாதி தூரம் வந்துவிட்டான் என்றுதான் நான் சொல்வேன். ஒண்ணுக்குச் சரியாகப் போய்விட்டு ஆய்க்கு மட்டும் மறுக்கிற பிள்ளைகள் நிறைய. ஐந்து பிள்ளைகளில் ஒன்று இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வருகிறது. உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

டயப்பர் இல்லாமல் போனதும் அவன் அடக்கினான். அடக்கினால் மலம் குடலின் கடைசிப் பகுதியில் தங்கும், தங்கத் தங்க அதிலுள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகிப் பெரிதாகும். ஐந்தாம் நாள் அது வெளியே வரும்போது ஆசனவாயில் சின்னக் கீறல் விழுந்திருக்கிறது, நீங்கள் பார்த்த ரத்தக் கோடு அநேகமாக அதுதான். சோறு சாப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டால் மறுநாள் மறந்துவிடும். இந்தக் கீறல் அப்படி இல்லை, ஒவ்வொரு முறை போகும்போதும் மறுபடி பிரியும். அதனால் அவன் மனதில் 'ஆய் போனால் வலிக்கும்' என்று பதிந்துவிட்டது, வலிக்கும் என்பதால் அடக்குகிறான், அடக்குவதால் இன்னும் இறுகுகிறது. இப்போது டயப்பர் கட்டினாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தச் சுழல் ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அவன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, இரண்டு தொடையையும் சேர்த்து இறுக்கி, முகம் சிவந்து வேர்க்க நிற்பான். பார்க்கிறவர்கள் "பாவம், முக்குதான், வரமாட்டேங்குது" என்பார்கள். பெரும்பாலும் அது முக்குவது இல்லை, வருவதை வரவிடாமல் தடுக்கிற வேலை. முக்குகிற பிள்ளை முழங்காலை மடக்கிக் குனியும், தடுக்கிற பிள்ளை விறைத்து நிமிர்ந்து நிற்கும்.

ஆகவே முதல் வேலை, மலத்தை இளக்குவது. பழக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் மறுபடி அழுகைதான் மிஞ்சும்.

டயப்பரைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் மாமியார் இதைப் படித்தால் என் மேல் கோபப்படுவார், பரவாயில்லை. இத்தனை நாள் கஷ்டப்பட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று நீங்களும் நினைக்கலாம். வீணாகாது. ஆய் தினமும் வருவது முக்கியம், எங்கே வருகிறது என்பது இந்த மாதத்துக் கவலை இல்லை. ஒண்ணுக்குப் பழகியது அப்படியே இருக்கட்டும், பகலெல்லாம் ஜட்டிதான், ஆய் வருகிறது என்று கேட்டால் மட்டும் டயப்பர்.

பக்கத்தில் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், கீறல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மலத்தை இளக்கும் மருந்து எழுதித் தருவார், லாக்டுலோஸ் சிரப்போ, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ. இரண்டுமே குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை மென்மையாக்குகிறவை. "மருந்துக்கே குடல் பழகிடும், அப்புறம் மருந்து இல்லாம போகாது" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள், அது தப்பு. நான் அதிகம் பார்க்கிற தவறு வேறு: நாலு நாள் கொடுத்து, நன்றாகப் போகிறான் என்று நிறுத்திவிடுவது. மலம் தேங்கி விரிந்துபோன குடல் பழைய நிலைக்குச் சுருங்கவும், பிள்ளைக்கு வலி மறக்கவும் வாரங்கள் ஆகும், சில பிள்ளைகளுக்கு மாதங்கள் கூட. அளவை டாக்டர் சொன்னபடி மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டைச் சீவி வைப்பது, விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதி ஆக்குவது, இந்த மூன்றையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். நம் பக்கத்தில் இது இன்னும் நடக்கிறது. ஏற்கெனவே அந்த இடத்தைத் தொடவிடாமல் பயந்திருக்கிற பிள்ளை அவன். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் காம்பை வைத்தால், அதன்பின் பீரோ இடுக்கில் கூட அவன் போகமாட்டான்.

சாப்பாட்டில் நான் முதலில் கேட்பது பால். ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் என்று நீங்கள் எழுதவில்லை. சோறு சாப்பிட மாட்டேன் என்கிறானே என்று காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று கொடுத்தால் 800 மில்லியைத் தாண்டிவிடும், பசி போய்விடும், பாலில் நாரும் கிடையாது. 400 முதல் 500 மில்லிக்குள் நிறுத்துங்கள், அதுவும் டம்ளரில். பால் குறைந்தால் பசிக்கும், பசித்தால் இட்லியோடு பாசிப்பருப்பு சாம்பாரும் கீரையும் இறங்கும். கொய்யாவும் பப்பாளியும் நம் சந்தையில் எப்போதும் கிடைக்கிறது, களக்காட்டு வாழைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், நன்றாகப் பழுத்த பழமாகக் கொடுங்கள், காயாக இருந்தால் உதவாது. முருங்கைக்கீரை, அவித்து மசித்த பயறு, இந்தக் கோடையில் நுங்கு. சுண்டலை முழுசாகக் கொடுக்க வேண்டாம், இந்த வயதில் தொண்டையில் அடைக்கும், பனங்கிழங்கும் தை மாதம் வரும்போது நாரை எடுத்துவிட்டு இடித்துத்தான். தண்ணீர், மோர், கஞ்சி, பால் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போகட்டும், சித்திரை வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ரஸ்க், பிஸ்கட்டைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படி வலி இல்லாமல் தினமும் போகிறான் என்று இரண்டு மூன்று வாரம் ஆனபின்தான் இடத்தை மாற்றுகிற வேலை. படிப்படியாகத்தான் முடியும். முதலில், டயப்பர் கட்டிக்கொள், ஆனால் பீரோ இடுக்குக்குப் பதில் கக்கூசுக்குள் நின்று போ. நாலைந்து நாளில் அது பழகும். அப்புறம் டயப்பரோடு பாட்டி சேரில், அதாவது பிள்ளைகள் ஆய் போக உட்காருகிற சின்ன பிளாஸ்டிக் நாற்காலியில், உட்கார்ந்து போகட்டும். அதற்கும் ஒரு வாரம் கொடுங்கள். பிறகு டயப்பரின் ஒட்டைத் தளர்த்திக் கட்டுங்கள். சில தாய்மார் டயப்பரின் நடுவில் கத்தரியால் சின்ன ஓட்டை போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டே வருவார்கள், கடைசியில் பிள்ளையின் இடுப்பில் ஒரு வளையம் மட்டும் மிச்சமிருக்கும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் டயப்பர் இடுப்பில் இருக்கிற தைரியத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதை மெல்ல எடுக்கிற வழி அது, நிறைய பிள்ளைகளுக்குப் பலித்திருக்கிறது. எந்தப் படியிலாவது அழுதால், இரண்டு நாள் போகாமல் அடக்கினால், பேசாமல் முந்தின படிக்குத் திரும்பிவிடுங்கள்.

கக்கூசையும் ஒருமுறை அவன் உயரத்தில் குத்தவைத்துப் பாருங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் பழைய வீடுகளில் அது பின்வாசல் தாண்டி இருக்கும், ஒரு மங்கலான பல்பு, மூலையில் பல்லி, நடுவில் அவன் இடுப்பளவுக்கு ஒரு குழி. பெரியவர்களுக்குச் சாதாரணம், மூன்றடி உயரம் இருக்கிறவனுக்கு அதில் விழுந்துவிடுவோம் என்று பயம் வராமல் இருக்குமா. பிளாஸ்டிக் பாட்டி சேரை அங்கணத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் மேலே சின்ன சீட் வைத்து, காலுக்குக் கீழே கட்டாயம் ஒரு மணையோ இரண்டு செங்கலோ வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்கவே முடியாது. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால் மலம் வருகிற வழி நேராகும். சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும், காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும், வந்தால் சரி, வராவிட்டாலும் சரி, எழுப்பிவிடுங்கள். அரை மணி நேரம் பிடித்து வைக்கிற வழக்கம் வேண்டாம்.

இன்னொன்று, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். நீங்கள் ஆய் என்று சொல்லி, மைனி கக்கா என்று சொல்லி, பள்ளியில் இன்னொன்று சொன்னால் அவனுக்குக் குழப்பம். கழுவிவிடும்போது "சீ, நாத்தம்" என்று மூக்கைப் பிடிக்கிற பழக்கமும் வேண்டாம். தன் உடம்பிலிருந்து வருவது சீ என்றால், அதை ஏன் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் போகப்போகிறான்?

உங்கள் மாமியார் சொல்வதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் ஆச்சி கல்லிடைக்குறிச்சி வீட்டில் பட்டாசல் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து அதன் மேல் ஆறு மாதப் பிள்ளையை உட்கார வைத்து, ஸ்ஸ் என்று ஓசை கொடுப்பார், வேலை முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அங்கணத்துக்குத் தள்ளிவிடுவார். நல்ல முறைதான், பிள்ளைக்குக் குந்துகிற நிலையும் கிடைக்கிறது, பெரியவரின் உடம்புச் சூடும் கிடைக்கிறது. ஆனால் அன்றைக்கு வீட்டில் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நாலு பேர் இருந்தார்கள். பால் குடித்த எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று ஆச்சிக்குத் தெரியும், பிள்ளை முகம் சுருங்கினால் தூக்கிக்கொண்டு போக ஆச்சி பழகியிருந்தார். பிள்ளை தானாக உணர்ந்து, அடக்கி, சொல்லி, போய் உட்கார்வது வேறு திறமை. அதற்கு நரம்பும் தசையும் முற்ற வேண்டும், ஒன்றரை வயதுக்கு மேல்தான் அது மெல்ல வரும். அமெரிக்காவில் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர் 1,170 பிள்ளைகளைக் கவனித்து 1962இல் எழுதினார், வற்புறுத்தாமல் பிள்ளை தயாரானபோது தொடங்கினால் பகல் பழக்கம் சராசரியாக இரண்டு வயது நாலு மாதத்தை ஒட்டி முடிகிறது என்று. சராசரி என்றால் அதற்கு அப்புறம் முடிகிற பிள்ளைகளும் ஏராளம், உங்கள் மகன் அவர்களில் ஒருவன். மைனியின் மூன்று நாள் கணக்கும் உண்மையாக இருக்கலாம், தயாராக இருக்கிற, மலச்சிக்கல் இல்லாத பிள்ளைக்கு அது நடக்கும். வலிக்குப் பயந்த பிள்ளைக்கு அதே முறையைப் போட்டால் உங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

தெரு அம்மாக்கள் சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் என் கிளினிக் பெஞ்சில் காத்திருக்கிற தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதிலிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற ஒரு தாய், இதே பிரச்சினையோடு அழுதுகொண்டிருந்த இன்னொருத்தியிடம் சொன்னது நினைவிருக்கிறது. மடியில் தட்டு இருக்கும்போது அவரால் எழுந்து எழுந்து பிள்ளை பின்னால் ஓட முடியவில்லை, அதனால் பாட்டி சேரைத் தன் முட்டிக்குப் பக்கத்தில் போட்டாராம். பிள்ளை அதில் ஜட்டியோடு உட்கார்ந்து, கையில் பழைய நூல்கண்டை வைத்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆய் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாளுக்கு அப்புறம் ஒரு காலையில் பிள்ளையே ஜட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்ததாம். "நான் பாக்காத மாதிரி சுத்திக்கிட்டே இருந்தேன் மதினி, கை மட்டும் நடுங்கிச்சு" என்றார். (புகையிலைத் தூசிக்குப் பக்கத்தில் பிள்ளையை வைத்திருப்பதைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசினேன், அது வேறு விஷயம்.) பிள்ளை உட்கார்ந்தபோது அவர் பார்க்காத மாதிரி இருந்தாரே, அதைத்தான் நான் எல்லாத் தாய்மாரிடமும் சொல்கிறேன்.

கேட்கிற யோசனையில் எதை எடுப்பது, எதை விடுவது என்றால், பிள்ளைக்கு வலி தருவதாக, வெட்கம் தருவதாக, மருந்துக்கடையில் தானாக வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் விட்டுவிடுங்கள். மற்றதை முயன்று பார்க்கலாம்.

இதை இப்போதே சரிசெய்ய நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா கூட்டி வந்தார். தினமும் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை, சோம்பேறி என்று அடி. முன்பு காட்டிய இடத்தில் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்திருந்தார்கள். வயிற்றில் கை வைத்தால் இடது பக்கம் முழுக்க உருண்டை உருண்டையாக மலம். அந்த அடைப்பைச் சுற்றி இளகினது மட்டும் கசிந்துகொண்டிருந்தது, விரிந்த குடலுக்கு உணர்வு குறைந்து, கசிவது அந்தப் பையனுக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக ஒரு வருடம் அடி வாங்கியிருக்கிறான். அப்பாவுக்கு விளக்கிச் சொன்னபோது அவர் பேசாமல் பையனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் மகன் அந்த நிலைக்கு வெகு தூரத்தில் இருக்கிறான், அங்கே போகவும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது சிலவற்றைச் சொல்ல மறக்காதீர்கள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போனதா, பிறந்ததிலிருந்தே சிக்கலா, வயிறு உப்பியே இருக்கிறதா, வாந்தி உண்டா, எடை ஏறுகிறதா, முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருக்கிறதா, நடையில் தடுமாற்றம் உண்டா. ரத்தம் கோடாக இல்லாமல் கலந்து நிறைய வந்தால் அன்றைக்கே போங்கள். நிறைந்த மலக்குடல் மூத்திரப்பையை அழுத்தும், அதனால் சொட்டுச் சொட்டாகப் போவது, போகும்போது அழுவது, சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் வருவது இருந்தால் மூத்திரப் பரிசோதனையும் வேண்டும்.

ராத்திரி படுக்கை நனைவதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை இப்போது தொடவே வேண்டாம், ஐந்து வயது வரை அது இயல்பு.

ஜூன் மாதம் வரட்டும். பள்ளிக்குப் போகுமுன் ஆசிரியையைத் தனியாகப் பார்த்து, மூன்று மணி நேரத்தில் அவனுக்கு ஆய் வராது, வந்தாலும் இரண்டு செட் துணி பையில் இருக்கிறது, திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டன் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த நிக்கர் போடுங்கள். ஒரு மாதம் தள்ளிச் சேர்த்தால் கெட்டுப்போவது எதுவும் இல்லை, பால்வாடி டீச்சரிடமும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் இதையெல்லாம் நிறையப் பார்த்தவர்கள்.

ஒளித்து வைத்த டயப்பர் பாக்கெட்டை இன்று சாயங்காலமே எடுத்து, அவன் கைக்கு எட்டுகிற பழைய இடத்தில் வையுங்கள். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தால், எதுவும் கேட்காமல் கட்டிவிட்டு, பீரோப் பக்கம் போகாமல் அடுப்படியில் உங்கள் வேலையைப் பாருங்கள்.